ஸ்கார்பியனைத் தேடியவர்கள் எழுதிய ஒன்பது கதைகள்

பிப்ரவரி 3, மாலை. வாசகர் கேள்வி

1968-ல் அட்லாண்டிக்கில் மூழ்கிய அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கி ஸ்கார்பியனை வைத்து ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். தேடும் கப்பலின் சோனாரில் இரண்டாம் நாளே நீர்மூழ்கியின் முழு வடிவமும் தெரிகிறது. உள்ளேயிருந்து யாரோ தட்டுகிறார்கள். கரையில் ஒரு கணித நிபுணர் தாளில் கணக்குப் போட்டு, வரைபடத்தில் ஒரே புள்ளியைக் குத்துகிறார். நடக்கக்கூடியதுதானே?

பிப்ரவரி 3, இரவு

மூன்றுமே நடக்காது.

ஸ்கார்பியன் போனது மே 22. அது போனதே மே 27 வரை கரையில் யாருக்கும் தெரியாது. ரேடியோ மௌனத்தில் வரும் படகு, பகல் ஒரு மணிக்கு நார்ஃபோக் துறைக்கு வந்து சேர வேண்டும். வரவில்லை. மழையில் குடும்பங்கள் காத்து நின்றன. 99 பேர். ஜூன் 5-ல் இழந்ததாக அறிவித்தார்கள். கண்டுபிடித்தது அக்டோபர் கடைசியில், அசோர்ஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே சுமார் 400 கடல் மைல் தள்ளி, ஏறக்குறைய 3,000 மீட்டர் ஆழத்தில். உங்கள் இரண்டு நாள் அங்கே ஐந்து மாதம்.

சோனார் விஷயம். கப்பலின் அடியில் பொருத்திய கருவியின் ஒலிக்கற்றை 30 டிகிரி விரிகிறது என்று வையுங்கள். 3,000 மீட்டர் கீழே போகும்போது அது 1.6 கி.மீ. அகலமுள்ள வட்டம். ஸ்கார்பியனின் நீளம் 77 மீட்டர். அந்த வட்டத்துக்குள் அது ஒரு மேடாகக்கூடத் தெரியாது.

தட்டும் சத்தம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஒலிப்பதிவுகளைப் பிற்காலத்தில் மறுபடி ஆராய்ந்த ஒரு கணிப்பின்படி எஃகுக்கூடு நசுங்கியது சுமார் 470 மீட்டரில். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் 47 கிலோ. அந்தக் கட்டத்தைத் தாண்டி உள்ளே எவரும் உயிரோடு இல்லை.

பிப்ரவரி 4, காலை

ஒலி பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் தேடல் தொடங்கியதே அங்கேதான்.

நீருக்குள் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் ஓடும். நடு அட்லாண்டிக்கில் சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில் ஒலி மேற்பரப்பிலும் அடித்தரையிலும் முட்டாமல், வளைந்து வளைந்து வெகுதூரம் போகும் ஒரு வாய்க்கால் உண்டு. நசுங்கும் எஃகுக்கூடு எழுப்பும் இடி அதில் விழுந்தால் ஆயிரக்கணக்கான கி.மீ. தாண்டியும் பதிவாகும். கனரித் தீவுப் பக்கம் ஒரு நிலையத்திலும், நியூஃபவுண்ட்லாந்தின் அர்ஜென்ஷியா பக்கம் இருந்த நீரடி ஒலிவாங்கிகளிலும் அது பதிவாகியிருந்தது. கனரிக்குப் போய்ச்சேரக் கால் மணி நேரத்துக்கு மேல், நியூஃபவுண்ட்லாந்துப் பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல். ஒரே இடி வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்வதால், இரண்டு நிலையங்களின் நேர வித்தியாசம் கடல் வரைபடத்தில் ஒரு வளைகோட்டைத் தரும். மூன்றாவது நிலையம் இருந்தால் இன்னொரு வளைகோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தேடு.

பதிவில் முதலில் ஒரு ஒலி. அடுத்து 91 நொடி மௌனம். பிறகு தொடர்ச்சியாகப் பல ஒலிகள். இந்த வரிசை பின்னால் பெரிய வழக்காகப் போகிறது, நினைவில் வையுங்கள்.

கடிகாரம் ஒரு நொடி பிசகினால் இடம் ஒன்றரை கி.மீ. தள்ளிப் போய்விடும்.

பிப்ரவரி 4, பகல்

மேலே கடைசி வரியைத் திருத்த வேண்டும். இரண்டு ஒலிவாங்கிகளுக்கும் நேர் நடுவே சம்பவம் நடந்திருந்தால் ஒரு நொடிப் பிசகுக்கு முக்கால் கி.மீ. மட்டுமே நகரும். அந்த நேர்கோட்டை விட்டு விலக விலகப் பிசகு பெருகும், ஒன்றரை கி.மீ.யையும் தாண்டும். அதோடு ஒலியின் வேகமும் நீரின் வெப்பம், உப்பு, அழுத்தம் மூன்றையும் பொறுத்து மாறுகிறது. அதனால்தான் தெரிந்த இடத்தில், தெரிந்த நேரத்தில் ஒரு வெடியை வெடித்து, அதே நிலையங்களில் எப்போது கேட்கிறது என்று அளந்து கணக்கைச் சரிசெய்வார்கள். 2017 நவம்பர் 15-ல் அர்ஜென்டினாவின் நீர்மூழ்கி சான் ஹுவான் 44 பேரோடு மறைந்தபோது, அணுச்சோதனையைக் கண்காணிக்கும் நிலையங்களான அசென்ஷனும் குரோசேயும் அதன் ஒலியைப் பிடித்தன. அந்தப் பதிவைச் சரிபார்க்க 100 கிலோ டி.என்.டி. வெடியைக் கடலில் போட்டார்கள். உங்கள் கதையில் இந்த வெடிக் காட்சியை வையுங்கள். தேடலின் நடுவில் தேடுகிறவர்களே ஒரு வெடிச்சத்தத்தை உண்டாக்கி, அது வந்துசேரக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த இருபது நிமிடம் எந்தப் புனைவிலும் என் கண்ணில் பட்டதில்லை.

பிப்ரவரி 6, இரவு

கணித நிபுணர் ஒரே புள்ளியைக் குத்துவது பற்றி. இந்தக் குறிப்பு நீளும்.

அமெரிக்கக் கடற்படையின் விசேஷத் திட்டங்கள் அலுவலகத்தில் தலைமை விஞ்ஞானியாக இருந்த ஜான் கிரேவன், புள்ளியைக் குத்தவில்லை. படகு எப்படி மூழ்கியிருக்கலாம் என்று தெரிந்தவர்களை உட்கார வைத்துக் கதைகளைச் சொல்ல வைத்தார். ஒவ்வொரு கதைக்கும் எவ்வளவு நம்புகிறீர்கள் என்று எடை போடச் சொன்னார். ஷிவாஸ் ரீகல் விஸ்கி பாட்டில்களைப் பந்தயம் வைத்து இந்த எடையை வாங்கினார்கள் என்பது பலமுறை சொல்லப்பட்ட சங்கதி. பந்தயம் என்றால் மனுஷன் மேலதிகாரிக்குப் பிடித்த பதிலைச் சொல்லாமல் தான் நம்புவதைச் சொல்வான். கணக்கைச் செய்த ரிச்சர்ட்சனும் ஸ்டோனும் பிறகு எழுதிய ஆய்வுக் கட்டுரையில் ஒன்பது கதைகள் இருக்கின்றன.

கதை என்றால் மர்மக்கதை இல்லை. விபத்து நேர்ந்தபோது படகு எந்தத் திசை பார்த்தது, என்ன வேகம், எவ்வளவு நேரம் ஓடிக்கொண்டே இருந்தது, மூழ்கும்போது செங்குத்தாகப் போனதா சறுக்கிப் போனதா. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வேண்டும், அந்த எண்ணில் எவ்வளவு சந்தேகம் என்பதும் வேண்டும். இப்படி ஒன்பது கதைகளையும் அவற்றின் எடைக்கேற்பக் கணினியில் 10,000 முறை ஓட்டி, ஒவ்வொரு முறையும் படகு அடித்தரையில் எங்கே போய் விழுகிறது என்று குறித்தார்கள். கடலடியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எத்தனை முறை விழுந்ததோ அதுவே அந்தக் கட்டத்தின் நிகழ்தகவு.

பிறகு கப்பல் போய்த் தேடும். தேடியும் கிடைக்காத கட்டத்தை அழித்துவிடக் கூடாது, ஏனென்றால் தேடிய கருவி தவறவிட்டிருக்கலாம். உதாரணத்துக்கு ஒரு கட்டத்தின் நிகழ்தகவு 0.10. அங்கே படகு இருந்தால் நம் கருவி அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 70 சதம். தேடினோம், இல்லை. இப்போது அந்தக் கட்டம் 0.03.

கடைசியில் படகு கிடைத்த இடம், தேடலுக்கு முன்பே அதிக நிகழ்தகவு பெற்றிருந்த கட்டத்திலிருந்து 260 கஜத்துக்குள். இதைத்தான் பத்திரிகைகள் "புள்ளி குத்தினார்" என்று எழுதிவிட்டன. ஒரு மலைபோல எழுந்த நிகழ்தகவின் உச்சி அங்கே இருந்தது, அவ்வளவுதான். அதன் சரிவுகளிலும் மாதக்கணக்கில் தேட வேண்டியிருந்தது.

பிப்ரவரி 7, காலை

கணக்கில் பாதியை விட்டுவிட்டேன். 0.10 × 0.3 = 0.03 சரி. ஆனால் இப்போது எல்லாக் கட்டங்களையும் கூட்டினால் 1 வராது, 0.93 தான் வரும். எல்லாவற்றையும் 0.93-ஆல் வகுக்க வேண்டும். தேடிய கட்டம் 0.032. தொடாமலே இருந்த 0.06 கட்டம் 0.0645 ஆக ஏறுகிறது. ஓர் இடத்தில் கிடைக்காத சேதி மற்ற எல்லா இடத்தையும் உயர்த்துகிறது.

பிப்ரவரி 7, சற்று நேரம் கழித்து

வகுக்காவிட்டால் என்ன என்று யோசித்துப் பார்த்தேன். அடுத்து எந்தக் கட்டத்துக்குப் போவது என்ற வரிசை மாறாது, எல்லாம் ஒரே எண்ணால் வகுபடுவதால். கெடுவது வேறொன்று. நாம் கட்டங்கள் போட்ட பெட்டிக்கு வெளியே படகு இருக்குமோ என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது. அதற்கு முதல் நாளே "பெட்டிக்கு வெளியே" என்று ஒரு கட்டம் வைத்து 0.05 ஆவது கொடுத்திருக்க வேண்டும். உள்ளே கிடைக்காமல் போகப்போக அது தானாக வீங்கும். அந்த எண் பாதியைத் தாண்டிய அன்றைக்குக் கப்பலை நிறுத்திவிட்டுக் கதைகளை மறுபடி எழுத உட்கார வேண்டும். சுழியம் கொடுத்த கட்டம் எத்தனை தேடலுக்குப் பிறகும் சுழியமாகவே கிடக்கும். இதுதான் தேடல்கள் கெட்டுப்போகிற இடம்.

பிப்ரவரி 9

"கப்பல் போய்த் தேடும்" என்று ஒரே வரியில் எழுதியதை விரிக்கச் சொல்லிக் கேள்வி வந்திருக்கிறது.

தேடிய கப்பல் மைசார். 1963 ஏப்ரல் 10-ல் 129 பேரோடு மூழ்கிய அமெரிக்க நீர்மூழ்கி திரெஷரை 1964-ல் படம் பிடித்ததும் அதே கப்பல்தான். நீண்ட கம்பிவடத்தின் நுனியில் ஒரு எஃகுச் சட்டகம். அதில் கேமராக்கள், விளக்குகள், காந்தமானி, பக்கவாட்டு சோனார். அடித்தரைக்கு மேலே சில மீட்டர் உயரத்தில் அதை இழுத்துப் போக வேண்டும். வேகம் ஒரு நாட், அதாவது மணிக்கு 1.85 கி.மீ., மனிதன் நடப்பதைவிட மெதுவாக.

கேமரா பார்க்கும் அகலம் 10 மீட்டர் என்று வைத்தால், ஒரு சதுர கி.மீ.யை முடிக்க 100 கோடுகள், 100 கி.மீ. ஓட்டம், 54 மணி நேரம். இதில் திரும்பும் நேரம் சேரவில்லை. மூன்று கி.மீ.க்கும் அதிகமான வடம் பின்னால் தொங்கும்போது கப்பல் சட்டென்று திரும்ப முடியாது. பெரிய வட்டமடித்து, சட்டகம் பின்னால் வந்து நேராகும்வரை காத்திருக்க வேண்டும்.

கெடுகிற விதங்கள்: கப்பல் வேகம் குறைந்தால் சட்டகம் சேற்றில் போய் மோதும். வேகம் கூடினால் மேலே எழும்பிப் படங்கள் வெறும் கறுப்பாக வரும். அலையில் கப்பல் ஏறி இறங்குவது வடம் வழியாகக் கீழேயும் போகும். விளக்கைக் கேமராவுக்குப் பக்கத்திலேயே வைத்தால் நீரில் மிதக்கும் துகள்கள் பனிமூட்டம் போல வெளுத்து மறைக்கும், அதனால் விளக்கைத் தள்ளி வைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட மோசம், சட்டகம் எங்கே இருக்கிறது என்பது. கப்பலின் இடம் தெரிந்தாலும் கீழே சட்டகம் நீரோட்டத்தில் பல நூறு மீட்டர் விலகியிருக்கும். கடலடியில் ஒலி எழுப்பும் குறிகளைப் போட்டுவைத்து அவற்றிலிருந்து தூரம் அளந்தால்தான் தேடிய கோடு எது, தேடாத கோடு எது என்று சொல்ல முடியும். "இந்தக் கட்டத்தைத் தேடிவிட்டோம்" என்று பதிவேட்டில் எழுதி, உண்மையில் பக்கத்துக் கட்டத்தைத் தேடியிருந்தால் மேலே சொன்ன கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும்.

பிப்ரவரி 10

91 நொடி வழக்கு.

நார்ஃபோக் மேற்கே இருக்கிறது. வீடு திரும்பும் படகு மேற்கு பார்த்துத்தான் போக வேண்டும். ஆனால் ஒலிகளின் இடங்களை வரிசைப்படுத்திப் பார்த்த கிரேவன், படகு கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது என்றார். வீட்டுக்கு முதுகைக் காட்டி ஏன் போக வேண்டும்? டார்பிடோ ஒன்று குழாய்க்குள்ளேயே தானாக ஓடத் தொடங்கினால் தலைவர் உடனே 180 டிகிரி திரும்பச் சொல்வார். ஏவிய படகையே டார்பிடோ திரும்பி வந்து தாக்காமலிருக்க அதற்குள் ஒரு பாதுகாப்புப் பொறி உண்டு, படகு திரும்பினால் அது டார்பிடோவை அணைத்துவிடும். இந்தக் கதைக்குக் கிரேவன் நிறைய எடை கொடுத்தார். படகும் அதற்கு ஒத்த இடத்தில் கிடைத்தது.

அதனால் டார்பிடோதான் காரணம் என்று நிரூபணமாகிவிட்டதா? இல்லை. விசாரணை நீதிமன்றம் காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியாது என்றே முடித்தது. மின்கலத்திலிருந்து கசிந்த ஹைட்ரஜன் வெடித்தது என்று பின்னாளில் வாதிட்டவர்கள் அதே ஒலிப்பதிவை வைத்தே வாதிட்டார்கள். திரெஷருக்குப் பிறகு கொண்டுவந்த சப்சேஃப் பாதுகாப்புச் சான்றிதழ் ஸ்கார்பியனுக்கு முழுதாகக் கிடைத்திருக்கவில்லை, 1967-ல் பழுதுபார்ப்பும் சுருக்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 10, நள்ளிரவு

இதை எழுதிய பிறகு தூக்கம் வரவில்லை. காரணம் தவறாக இருந்தும் இடம் சரியாக வந்திருக்கலாம். கணக்குக்குத் தேவைப்பட்டது "கிழக்கே திரும்பியது" என்பது மட்டும்தான், ஏன் திரும்பியது என்பதில் அதற்கு அக்கறை இல்லை. நாவலாசிரியருக்கோ அந்த "ஏன்" தான் எல்லாம். ஒரு கதையைத் தேர்ந்தெடுத்து மற்ற எட்டையும் முதல் அத்தியாயத்திலேயே எரித்துவிடுகிறார். சோவியத் டார்பிடோவை வில்லனாக்கும் கதையும் உண்டு. எட்டுக் கதைகளையும் கையில் வைத்துக்கொண்டே நடக்கும் ஒரு நாவலை எழுத முடியும் என்று நம்புகிறேன், எழுதுங்கள்.

பிப்ரவரி 12

புனைவு பற்றிக் கேட்டதற்கு.

நெவில் ஷூட் 1957-ல் எழுதிய "ஆன் த பீச்" நாவலில் உலகம் அழிந்த பிறகு எஞ்சியிருக்கும் அமெரிக்க அணு நீர்மூழ்கியின் பெயர் ஸ்கார்பியன். கடைசியில் தலைவர் அதைக் கடலுக்குக் கொண்டுபோய் மூழ்கடிக்கப் புறப்படுகிறார். நிஜ ஸ்கார்பியன் நீரில் இறங்கியது 1959 டிசம்பரில். நாவல் முந்தியது. அதே பெயரில் இரண்டாம் உலகப் போரில் ஒரு நீர்மூழ்கி 1944-ல் காணாமல் போயிருந்தது. 1959-ல் வந்த படத்தில் பெயரை சாஃபிஷ் என்று மாற்றிவிட்டார்கள்.

கே-129. அதே 1968 மார்ச்சில் பசிபிக்கில் மூழ்கிய சோவியத் படகு. சோவியத்துகளே தேடித் தோற்ற இடத்தை அமெரிக்க ஒலிப்பதிவுகள் காட்டின, ஹாலிபட் நீர்மூழ்கி போய் ஆயிரக்கணக்கில் படம் எடுத்தது. சுமார் 5,000 மீட்டர் ஆழம். 1974-ல் கடலடியில் மாங்கனீசு உருண்டை எடுக்கப் போவதாகச் சொல்லி, கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸ் பெயரில் கட்டிய குளோமார் எக்ஸ்ப்ளோரர் கப்பல் ராட்சதக் கொக்கியால் தூக்கியது. பாதி வழியில் கொக்கி முறிந்து பெரும்பகுதி திரும்ப விழுந்தது. கிடைத்த ஆறு உடல்களைக் கடலிலேயே மரியாதையோடு அடக்கம் செய்து படமெடுத்தார்கள், அந்தப் படச்சுருளை 1992-ல் ரஷ்ய அதிபர் யெல்ட்சினிடம் கொடுத்தார்கள். இதைவிடப் புனைவு என்ன வேண்டும்? 2013-ல் வந்த "ஃபேன்டம்" என்ற படம் இந்தப் படகை வைத்துத்தான், ஆனால் தேடலைத் தொடவே இல்லை.

நம் பக்கத்தில் 2017-ன் "காஸி". 1971 டிசம்பர் 3-4 இரவில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கிய பாகிஸ்தான் நீர்மூழ்கி. படத்தில் அதை எதிர்கொள்வது எஸ்-21 என்ற இந்திய நீர்மூழ்கி. இந்தியக் கடற்படையின் கணக்கில் குண்டு போட்டது மேலே போன ஐ.என்.எஸ். ராஜ்புத், பாகிஸ்தான் கணக்கில் உள்வெடிப்பு அல்லது அவர்களே போட்ட கண்ணிவெடி. மூன்று கதைகள், ஒரே சிதைவு. எடை போட்டுப் பாருங்கள்.

பிப்ரவரி 13

அந்த ஒரே வருடத்தில் மூழ்கிய நீர்மூழ்கிகளை நான்காக எண்ணிக்கொள்ளுங்கள். 1968 ஜனவரியில் இஸ்ரேலின் டக்கார், இரண்டு நாள் கழித்து பிரான்சின் மினெர்வ், மார்ச்சில் கே-129, மே-யில் ஸ்கார்பியன்.

டக்காரின் கதை உங்களுக்குப் பயன்படும். 1969 பிப்ரவரியில் அதன் அவசர மிதவை காஸா கரையில் ஒதுங்கியது. கையில் கிடைத்த ஒரே பொருள். அது எங்கிருந்து மிதந்து வந்திருக்கும் என்று கணித்து, படகு தன் பாதையை விட்டு வெகுதூரம் விலகியிருக்க வேண்டும் என்று பல வருடம் தவறான இடங்களில் தேடினார்கள். 1999 மே மாதம் கிடைத்தது கிரீட்டுக்கும் சைப்ரஸுக்கும் இடையே, அது போக வேண்டிய பாதையிலேயே. ஒரே ஒரு சான்றுக்கு எல்லா எடையையும் கொடுத்த விளைவு. மினெர்வ் 2019 ஜூலையில் துலோனுக்கு அப்பால் சுமார் 45 கி.மீ.யில் கிடைத்தது. 51 வருடம்.

எதிர்மாறான உதாரணம் ஸ்பெயினின் பலோமாரஸ். 1966 ஜனவரியில் விமானங்கள் மோதிக் கடலில் விழுந்த ஹைட்ரஜன் குண்டு எங்கே விழுந்தது என்று மீனவர் ஃபிரான்சிஸ்கோ சிமோ நேரிலேயே பார்த்தார், கைகாட்டினார். அவர் சொல்லுக்கு முதலில் உரிய எடை கிடைக்கவில்லை. மார்ச்சில் ஆல்வின் என்ற ஆழ்கடல் ஆய்வுக் கலம் குண்டைக் கண்டது அவர் காட்டிய பக்கத்தில்தான்.

பிப்ரவரி 14

தட்டும் சத்தத்தைக் கைவிட மனமில்லை என்கிறீர்கள். சான் ஹுவான் தேடலில் கேட்டார்கள், கருவியால் இரும்பை அடிப்பது போல. ஆராய்ந்தபோது அது படகின் சத்தமே இல்லை. கரையில் குடும்பங்கள் அந்தச் சில மணி நேரம் நம்பிக் காத்திருந்தன. அதை எழுதுங்கள்.

உயிரோடு மீட்கும் கதை வேண்டுமென்றால் ஆழத்தைக் குறையுங்கள். 2021 ஏப்ரலில் இந்தோனேசியாவின் நீர்மூழ்கி நங்காலா 53 பேரோடு பாலிக்கு வடக்கே மறைந்தபோது இந்தியா தன் ஆழ்கடல் மீட்புக் கலத்தை விசாகப்பட்டினத்திலிருந்து அனுப்பியது. அது 650 மீட்டர் வரைக்கும் இறங்கக்கூடியது. நங்காலா கிடந்தது 838 மீட்டரில், மூன்று துண்டாக.

பிப்ரவரி 16

கண்டுபிடிக்கும் காட்சி எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு.

முழுக் கப்பலைக் காட்டாதீர்கள். நசுங்கிய படகிலிருந்து கனமானவை நேராக விழும், இலேசானவை நீரோட்டத்தில் நகர்ந்து விழும். 77 மீட்டர் உடலைத் தேடுவதைவிட நீண்டு கிடக்கும் சிதறல் தடத்தைத் தேடுவது சுலபம். 1984-ல் திரெஷரையும் 1985-ல் ஸ்கார்பியனையும் கடற்படைக்காக ஆராய்ந்தபோது கடலடி ஆய்வாளர் ராபர்ட் பாலார்ட் பிடித்துக்கொண்டது இதைத்தான். பணி முடிந்து மிச்சமிருந்த 12 நாளில் அதே முறையில் போய் 1985 செப்டம்பர் 1-ல் டைட்டானிக்கைக் கண்டார். திரெஷரின் அடையாளம் முதலில் உறுதியானது 1963 ஆகஸ்டில், டிரியெஸ்ட் என்ற ஆழ்கடல் கலம் மேலே கொண்டுவந்த ஒரு குழாய்த்துண்டில். அதில் "593 போட்" என்று எழுதியிருந்தது; 593 திரெஷரின் எண்.

ஸ்கார்பியனில் இயந்திர அறை முன்னால் இருந்த பகுதிக்குள் தொலைநோக்கிக் குழல் மடங்குவது போல நுழைந்து கிடக்கிறது. பாய்மரம் என்று மாலுமிகள் அழைக்கும் மேல்கோபுரம் தனியே. உந்துசுழலி தண்டோடு தனியே. இரண்டு அணு டார்பிடோக்களும் அணு உலையும் அங்கேயே இருப்பதால் 1979-லும் 1986-லும் கடற்படை மறுபடி போய் நீரையும் சேற்றையும் அளந்தது.

உங்கள் கப்பல் எடுக்கும் படங்களில் முதல் பல ஆயிரம் வெறும் சேறாக இருக்கட்டும். சேறு, சேறு, ஒரு கடல் அட்டை, சேறு. இருட்டறையில் படச்சுருளைக் கழுவுபவர் ஒருவர். அவர் கையில் ஒரு படத்தின் ஓரத்தில், சேற்றில் இருக்கக் கூடாத ஒரு நேர்கோடு.